உருக்கல் நடை

அமெரிக்க விளம்பரங்களைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்குபவர்கள் 'ஷ்மால்ட்ஸ்' என்ற சொல்லைக் கண்டதும் 'மிகையுணர்ச்சி' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். யூதர்களின் இத்திஷ் மொழியில் அது உருக்கிய கோழிக் கொழுப்பு. உருகுதலைக் குறிக்கும் ஜெர்மன் வினைக்கு உறவுச் சொல். ஆங்கிலத்துக்குப் போய், கண்ணீரைக் கறக்கும் எழுத்துக்கும் இசைக்கும் வசையாகிவிட்டது. பிறப்பு அவ்வளவுதான்.

மிகை என்பது அளவு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மார்பில் அடித்துக்கொண்டு அழுவதும் அளவு மீறியதுதான். அதை ஷ்மால்ட்ஸ் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? மறுபக்கம், 2013இல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுலின்போது வந்த ராம் டிரக் விளம்பரத்தைப் பாருங்கள். இரண்டு நிமிடம். பின்னணியில், வானொலிப் பேச்சாளர் பால் ஹார்வி 1978இல் விவசாய மாணவர் மாநாட்டில் ஆற்றிய உரை. திரையில் அசையாத புகைப்படங்கள். விடியுமுன் எழுந்து பால் கறந்து, பகலெல்லாம் உழைத்து, மறுபடி பால் கறந்து, நள்ளிரவு தாண்டியும் பள்ளிக் குழுக் கூட்டத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்கிறார் கடவுள். ஆகவே விவசாயியைப் படைக்கிறார். பத்திக்குப் பத்தி அந்த வரி பல்லவியாகத் திரும்புகிறது. கதறல் இல்லை, கூச்சல் இல்லை. விலை, மைலேஜ் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இதில் மிகை எங்கே இருக்கிறது? அடக்கிப் பேசியே நம்மைக் கரைத்து, கரைந்த இடத்தில் டிரக்கைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

'நீலிக்கண்ணீர்' என்று எழுதும் கட்சியும் உண்டு. பழையனூர் நீலி பழி தீர்க்க அழுதாள். அந்தக் கண்ணீர் பொய். இங்கே பார்ப்பவனின் கண்ணீர் மெய். வயிற்றெரிச்சலே அதுதான்.

என் சொல் 'உருக்கல்'. உருகு தன்வினை, உருக்கு பிறவினை. பக்திப் பாடலில் அடியார் தாமே உருகுகிறார். விளம்பரத்தில் சம்பளம் வாங்கும் ஒருவர் நம்மை உருக்குகிறார். அடுப்பை மூட்டியது யார் என்பதை இந்தச் சொல் மறைக்காது. வெறும் 'உருக்கு' என்று விட்டால் சேலத்து ஆலைதான் நினைவுக்கு வரும். ஆகவே 'அல்' விகுதி கட்டாயம்.

'சென்டிமென்ட்' என்றே எழுதலாமே என்பார்கள். தமிழில் அது பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்துவது, தேர்வுக்கு ராசியான சட்டையைத் தேடுவது என்று ஆகி வெகுநாளாயிற்று. 'நெகிழ்ச்சி'யின் கதி அதைவிட மோசம். குட்டியானை தாயோடு சேர்ந்தாலும் நெகிழ்ச்சி, அமைச்சர் தெருக்கடையில் டீ குடித்தாலும் நெகிழ்ச்சி. இந்தத் தலைப்புகளை வைப்பவர்கள் கையில் 'உருக்கல்' கிடைத்தால் என்ன பாடுபடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.