டிக்கி மக்கா? முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள்

டிக்கி மக் என்றால், பாலினேசியா என்னும் பசிபிக் தீவுகளின் தெய்வச் சிலை போல வடித்த பீங்கான் மதுக் கோப்பை. “1950களின் அசல் பாலினேசிய மக்” என்று ஆன்லைனில் நல்ல விலை கொடுத்து வாங்கிவிட்டு, அப்புறம் மதிப்பீட்டுக்கு என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். போன வாரமும் ஒருவர். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்கிறேன்: அசல் பாலினேசிய டிக்கி மக் என்று ஒன்று கிடையவே கிடையாது. 1930களில் ஹாலிவுட்டில் டான் பீச்சும் ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜரானும் நடத்திய மதுக்கடைகளிலிருந்து கிளம்பிய அமெரிக்கப் பாணி இது. மக்குகளில் ஏராளமானவை ஜப்பானில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தவை. அடியில் ‘ஜப்பான்’ என்று பார்த்ததும் ஏமாந்துவிட்டோம் என்று பதறுகிறார்களே, பல நேரம் அதுதான் நல்ல அறிகுறி!

இந்த மக்குகளில், ராப்பா நூயி எனும் ஈஸ்டர் தீவின் ‘மோவாய்’ கற்சிலை முகத்தை ஹவாய்த் தெய்வத்தின் உடம்பில் ஒட்டி, மேலே நியூசிலாந்து மாவோரி மக்களின் சுருள்களையும் செதுக்கியிருப்பார்கள். மூன்றும் வேறு வேறு மக்களுடையவை. இதில் தாத்தா ஹவாயின் வைக்கிகி கடற்கரையில் வாங்கிய “கோயில் சிலை” என்று வேறு சிலர் கொண்டுவருவார்கள். ஐயா, 1819இல் ஹவாயின் பழைய சமய முறை கைவிடப்பட்டபோது சிலைகள் பெரும்பாலும் எரிக்கப்பட்டுவிட்டன. கூ தெய்வத்தின் பெரிய மரச்சிலைகளில் மூன்றுதான் மிஞ்சின, மூன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. உங்கள் தாத்தாவுடையது சுற்றுலாப் பொருள். அழகாகத்தான் இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள்.

மக்கோடு சேர்த்துச் சேகரிக்கும் வெல்வெட் துணி ஓவியம் இன்னும் பெரிய தலைவலி. அதில் பேர்போன ஓவியர் எட்கர் லீடெக், விலைபோன படத்தைத் தானே திரும்பத் திரும்ப வரைந்தவர். அதனால் “உலகிலேயே ஒன்றுதான்” என்ற பேச்சை நம்பாதீர்கள். அவர் 1953இல் இறந்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில் 1958 என்று போட்ட படத்தை வாங்கி வருபவரிடம் நான் என்ன சொல்ல?

புதிய மக்குகளின் கதை வேறு. 2000க்குப் பிறகு மறுபடி மோகம் கிளம்பியதும், ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்று எண் போட்டு விற்பது வழக்கமாகிவிட்டது. அதே அச்சில் அடுத்த வருடம் பச்சை, அதற்கடுத்து நீலம். அந்த எண் அந்த நிறத்துக்கு மட்டும்தான். முதலீடு என்று நினைத்து அலமாரியை நிரப்பாதீர்கள், பிடித்திருந்தால் வாங்குங்கள்.

விற்பவரிடம் அடிப்பகுதியின் படத்தைக் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். ‘விண்டேஜ் ஸ்டைல்’ என்றால் புதுசு என்று அர்த்தம். தயவுசெய்து பழைய மக்கில் குடிக்காதீர்கள், அந்தக் காலத்துக் கிளேஸில், அதாவது பளபளப்புப் பூச்சில், ஈயம் இருக்கக்கூடும். அப்புறம், என்னிடம் வருவதாக இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்னால் வாருங்கள்.