பிடிஎல்-1 அதிகம் என்றதும் அவசரப்பட வேண்டாம்

நுரையீரல் பயாப்சி ரிப்போர்ட்டில் ‘அடினோகார்சினோமா’ (நுரையீரல் புற்றில் ஒரு வகை) என்று வந்ததுமே வீட்டார் கேட்பது, கீமோ எப்போது என்றுதான். திசுவைப் பரிசோதிக்கும் பேத்தாலஜிஸ்டாக நான் சொல்வேன், முதலில் கட்டியின் திசுவை ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்பியாச்சா என்று கேளுங்கள். புகையே பிடிக்காத பெண்கள் என்றால் கண்டிப்பாகக் கேளுங்கள்.

ஈஜிஎஃப்ஆர் மரபணுவின் எக்ஸான் 19 என்ற பகுதியில் ஒரு துண்டு விடுபட்டிருந்தாலோ, எக்ஸான் 21இல் எல்858ஆர் என்ற மாற்றம் இருந்தாலோ, ஓசிமெர்டினிப் மாதிரி தினம் ஒரு மாத்திரையிலேயே பலருக்கு நோயை நீண்ட நாள் அடக்கி வைக்க முடிகிறது. 2007இல் ஜப்பானில் நுரையீரல் புற்றில் கண்டறிந்த ஏஎல்கே மரபணு இணைவுக்கும் (அந்த மரபணு இன்னொன்றோடு ஒட்டிக்கொள்வது) தனி மாத்திரைகள் உண்டு. (“பிள்ளைகளுக்கு வருமா டாக்டர்?” இவை பெரும்பாலும் கட்டியில் மட்டும் உண்டாகும் மாற்றங்கள், பரம்பரையாக வருபவை அல்ல.)

பிடிஎல்-1 வேறு சங்கதி. அது புற்றுசெல்லின் மேலுள்ள புரதம்; சாயம் ஏற்றி, எத்தனை சதவீத செல்கள் பழுப்பாகின்றன என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணிச் சொல்கிறோம். 50க்கு மேல் என்றால், உடலின் எதிர்ப்பு சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்ய வாய்ப்பு அதிகம். சிக்கல் என்னவென்றால், இந்த ரிப்போர்ட் சீக்கிரம் வந்துவிடும், ஜீன் ரிப்போர்ட்டுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். 80 சதவீதம் என்று பார்த்ததும் இம்யூனோதெரபியை ஏற்றிவிட்டு, அப்புறம் ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் என்று வந்தால் கஷ்டம்: அந்த நோயாளிகளுக்கு இம்யூனோதெரபி பெரும்பாலும் பலன் தருவதில்லை, அதோடு அதன் பின்னாலேயே ஓசிமெர்டினிப் கொடுத்தால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்தும் கூடுகிறது. காத்திருக்க முடியாத அளவு மூச்சுத்திணறல் என்றால், கீமோவை மட்டும் முதலில் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் பேசுங்கள்.

ரத்தத்தில் பார்க்கும் சிஇஏ என்ற புற்றுக் குறியீட்டுப் புரதத்தை வைத்து நோயை முடிவுசெய்ய முடியாது, புகைப்பவர்களுக்கே அது சற்று உயர்ந்திருக்கும்.

பயாப்சியில் கிடைப்பது நூல் மாதிரித் துணுக்கு. ஆஸ்பத்திரி மாற்றி மாற்றிக் காட்டி, ஒவ்வொரு இடத்திலும் அதே சாயப் பரிசோதனைகளைத் திரும்பச் செய்தால், ஜீன் டெஸ்ட்டுக்கு திசுவைப் பதித்து வைக்கும் மெழுகு பிளாக்கில் எதுவும் மிஞ்சாது. எலும்பில் எடுத்த துணுக்கைக் கடும் அமிலத்தில் ஊறவைத்தாலும் டிஎன்ஏ கெட்டுவிடும். திசு போதவில்லையா, ரத்தத்தில் பார்க்கும் லிக்விட் பயாப்சி இருக்கிறது. அதில் மாற்றம் தெரிந்தால் நம்பலாம், தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை, மறுபடி திசு எடுக்க வேண்டியிருக்கும்.