நிழலுக்கென்றே அமைந்த இலை: வீட்டில் ஜூவல் ஆர்க்கிட்

ஆர்க்கிட் வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் பூவுக்காகக் காத்திருப்பவர்கள். ஜூவல் ஆர்க்கிட் என்ற பொதுப்பெயரில் விற்கப்படும் இனங்களை வாங்குபவர்கள் மட்டும் இலையைப் பார்த்தே வாங்குகிறார்கள். கருஞ்சிவப்பிலோ கரும்பச்சையிலோ வெல்வெட் மினுமினுப்புடன் இருக்கும் இலையின் மீது வெள்ளி, பொன், செம்பு நிற நரம்புகள் ஓடுவதே இவற்றின் அழகு. இவற்றுள் எளிதில் கிடைப்பதும் வீட்டுச் சூழலை ஓரளவு பொறுத்துக்கொள்வதும் லுடிசியா டிஸ்கலர் என்னும் இனம். வடகிழக்கு இந்தியாவில் தொடங்கி தென் சீனம், வியட்நாம், மலேசியா, இந்தோனேசியா வரையுள்ள காடுகளில் அது இயல்பாக வளர்கிறது. பொன்வலை பின்னிய இலைகளை உடைய மகோடெஸ் பெடோலா தென்கிழக்கு ஆசியத் தீவுகளையும், டோசினியா மார்மொராட்டா போர்னியோவையும் சேர்ந்தவை. அனெக்டோகைலஸ் பேரினத்தைச் சேர்ந்த எலேட்டஸ் என்னும் இனம் தென்னிந்திய மலைக்காடுகளிலேயே இருக்கிறது. அதன் நெருங்கிய உறவான ஒன்றை இலங்கையில் வனராஜா என்று அழைக்கிறார்கள்.

மரக்கிளைகளைப் பற்றி வளரும் பெரும்பாலான வெப்பமண்டல ஆர்க்கிட்களைப் போலன்றி, இவை யாவும் காட்டுத்தரையில், மட்கும் இலைச்சருகின் மீது படர்ந்து வளர்பவை. மழைக்காட்டின் உச்சியில் விழும் வெயிலில் ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம் மட்டுமே தரைக்கு வந்து சேர்கிறது. அந்தச் சொற்ப ஒளியிலும், ஒளிச்சேர்க்கைக்கு மிகவும் பயன்படும் சிவப்பு, நீல நிறங்களை மேலேயுள்ள இலைகள் முன்பே உறிஞ்சிவிடுகின்றன. இடையிடையே இலைக்கூரையின் இடைவெளி வழியாகச் சில நொடிகளோ சில நிமிடங்களோ நேரடி வெயில் திட்டுத்திட்டாக விழுந்து நகர்ந்து செல்கிறது. எப்போதும் அரையிருட்டு, எப்போதாவது சுடும் வெயில்திட்டு என்னும் இந்த இரண்டு நிலைகளையும் சமாளிக்கும்படி அமைந்ததுதான் ஜூவல் ஆர்க்கிட்டின் இலை. அதன் அமைப்பைப் புரிந்துகொண்டால் வளர்ப்பு முறையின் பெரும்பகுதியை நாமே ஊகித்துவிடலாம்.

லுடிசியாவின் இலையொன்றைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸின் கீழ் வைத்துப் பார்த்தால் மேற்பரப்பு தட்டையாக இல்லை என்பது தெரியவரும். புறத்தோலின் ஒவ்வொரு செல்லும் சிறு குவிமாடமாகப் புடைத்து நிற்கிறது. வெல்வெட் தோற்றத்துக்குக் காரணம் இதுவே. மகோடெஸ் இலையின் மீது கைப்பேசியின் டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால் நரம்புகளில் புள்ளி புள்ளியாகப் பொன்னொளி தெறிக்கும். இத்தகைய குவிந்த செல்கள் லென்ஸ்களாகச் செயல்படக்கூடும் என்று ஆஸ்திரியத் தாவரவியலாளர் காட்லீப் ஹாபர்லாண்ட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கருதினார். ஒளி வரும் திசையை இலை அறிந்துகொள்ள அவை உதவுகின்றன என்பது அவரது எண்ணம். மழைக்காட்டு நிழற்செடிகளின் புறத்தோல் செல்கள் உண்மையிலேயே ஒளியைக் குவிக்கின்றன என்பதை 1985இல் வெளியான ஓர் ஒளியியல் ஆய்வு காட்டியது. குவிப்பதைவிட முக்கியமான பயன் வேறொன்றாகவும் இருக்கலாம்: காட்டுத்தரையில் ஒளி நாலாபக்கமும் சிதறி வருவதால், தட்டையான பரப்பில் சாய்வாக விழும் ஒளியின் ஒரு பகுதி தெறித்து வீணாகும், புடைத்த பரப்பு அந்த இழப்பைக் குறைக்கிறது.

இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுவதும் ஒயின் சிவப்பாக இருக்கும். அந்தோசயனின் என்னும் நிறமி தரும் நிறம் அது. மேலே பச்சையம், கீழே சிவப்பு நிறமி என்று இரண்டும் சேர்வதால்தான் இலை ஏறத்தாழக் கறுப்பாகத் தெரிகிறது. அந்தோசயனின் இல்லாத ஆல்பா வகை லுடிசியா வெறும் பச்சை இலையும் வெள்ளை நரம்புமாக இருப்பதே இதற்குச் சான்று. இலையைக் கடந்து வெளியேறவிருக்கும் சிவப்பு ஒளியை இந்த அடிப்பூச்சு பச்சையத்துக்கே திருப்பி அனுப்புகிறது என்று 1970களின் இறுதியில் ஒரு விளக்கம் முன்வைக்கப்பட்டது. கேட்பதற்கு மிகப் பொருத்தமான அந்த விளக்கம் பல நூல்களில் இன்றும் உண்மையாகவே எழுதப்படுகிறது. ஆனால் 2008இல் வேறு சில நிழற்செடிகளில் அளந்து பார்த்தபோது, அடியில் சிவப்பான இலைகள் பச்சை இலைகளைவிட அதிகச் சிவப்பு ஒளியை உள்ளுக்குத் திருப்புவதாகத் தெரியவில்லை. திடீரென விழும் வெயில்திட்டில் மிகுதியாக வரும் ஆற்றலிலிருந்து செல்களைக் காக்கும் திரை அது என்ற கருத்தே இப்போது வலுவாக இருக்கிறது.

வீட்டுக்கு வருவோம். வெளிச்சத்தை லக்ஸ் என்னும் அலகால் அளப்பார்கள்; நண்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் என்றால், இச்செடிகளுக்கு 3,000 முதல் 8,000 லக்ஸ் தாராளம். வடக்குப் பார்த்த சன்னலருகிலோ, கிழக்குச் சன்னலில் மெல்லிய திரைக்குப் பின்னாலோ இந்த ஒளி கிடைத்துவிடும். இல்லாவிட்டால் சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கை நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரிய விடலாம். மணிக்கணக்கில் நேரடி வெயில் பட்டால், இலையின் ஒளிச்சேர்க்கை அமைப்பால் செலவிட முடியாத ஆற்றல் தேங்கி, தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கிப் பச்சையத்தைச் சிதைக்கிறது. கறுத்த இலை முதலில் வெளிறிய செம்பழுப்பாகும். பிறகு காகிதம்போல் வெளுத்த திட்டுகள் தோன்றும். அந்தத் திட்டுகள் மீண்டும் பச்சையாவதில்லை.

ஒளி மிகையாவதைவிடப் பலரும் கவனிக்கத் தவறுவது இரவின் வெப்பநிலை. குறைந்த ஒளியில் வாழும் செடிக்குப் பகலில் கிடைக்கும் சர்க்கரை குறைவு. அதில் ஒரு பகுதியை அது இரவும் பகலும் சுவாசத்துக்குச் செலவிடுகிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் இச்செலவு ஏறத்தாழ இரு மடங்காகும். எனவே 18 டிகிரி இரவில் மிச்சம் பிடிக்கும் செடி, 28 டிகிரிக்குக் கீழே இறங்காத சென்னையின் மே மாத இரவில், பகலில் அதே ஒளியைப் பெற்றும் சேமிப்பைக் கரைக்கத் தொடங்கும். கோடையில் புதிய இலைகள் சிறுத்து வருவதற்கு உரக்குறைவைக் காரணமாக எண்ணி உரமிடுவது வழக்கம். உண்மையில் அது இந்தக் கணக்கின் விளைவாகவே பெரும்பாலும் இருக்கும். லுடிசியா இதைத் தாங்கிக்கொள்ளும். மலைக்காட்டுக் குளிர்ச்சிக்குப் பழகிய அனெக்டோகைலஸை சமவெளியில் குளிர்சாதன வசதி இல்லாமல் வளர்க்க முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனாலும் வீடுகளில் ஜூவல் ஆர்க்கிட் இறப்பதற்கு முதற்காரணம் வெயிலும் அல்ல, வெப்பமும் அல்ல, வேர் அழுகல். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் பரவும் வேகம் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். வளர்ப்பூடகத்தின் துளைகள் யாவும் நீரால் நிரம்பிவிட்டால் வேர் மூச்சுமுட்டுகிறது. செயலிழந்த வேரைப் பூஞ்சைகளும் பித்தியம் போன்ற நீர்ப்பூசணங்களும் எளிதில் அழிக்கின்றன. காட்டில் இவ்வேர்கள் சருகுகளின் இடையே காற்றோட்டமான ஈரத்தில் கிடப்பவை. வீட்டில் அதே நிலையை உருவாக்க, தேங்காய் மட்டைத் துண்டுகள், பெர்லைட் எனப்படும் இலேசான வெண்ணிறப் பாறைத்துகள், சிறு மரக்கரித் துண்டுகள், ஸ்பேக்னம் பாசி ஆகியவற்றைக் கலந்து, அழுத்தாமல் தளர்வாக நிரப்ப வேண்டும். தென்னைப் பொருள்களில் உப்பு மிகுந்திருக்கும் என்பதால் அவற்றை ஒன்றிரண்டு நாள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

தொட்டியின் அடியில் சரளைக்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது சரியல்ல. நுண்ணிய துகள்களுக்கிடையே நுண்புழை விசையால் பிடித்துவைக்கப்பட்ட நீர், பெரிய இடைவெளிகளை உடைய கல் அடுக்குக்குள் எளிதில் இறங்குவதில்லை. நீர் தேங்கும் அடுக்கு கல்லின் உயரத்துக்கு மேலே, வேரை நோக்கி ஏறிவிடுகிறது. தேங்கும் அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது துகளின் அளவே என்பதால், கலவை முழுவதையும் பருமனாக அமைப்பதுதான் தீர்வு. வேர்கள் குட்டையாக இருப்பதால் அகலமான, ஆழம் குறைந்த தொட்டி போதும். ஆரோக்கியமான வேர் வெளிறிய நிறத்தில் கெட்டியாக இருக்கும். அழுகிய வேரை விரலால் இழுத்தால் தோல் மட்டும் கழன்று வரும். கலவை ஈரமாக இருந்தும் இலைகள் துவண்டால், நீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுச் செடியை எடுத்து வேரைப் பார்க்க வேண்டும்.

காற்றின் ஈரப்பதம் பற்றிய அறிவுரைகளில் 60 சதவீதம் போதும் என்றே பெரும்பாலும் இருக்கும். ஆனால் சதவீதம் மட்டும் முழு உண்மையையும் சொல்லிவிடாது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் ஏறத்தாழ 17 கிராம் நீராவியைக் கொள்ளும். 30 டிகிரியில் 30 கிராம் கொள்ளும். ஈரப்பதம் இரண்டிலும் 60 சதவீதமே என்றால், குளிர்ந்த காற்றில் 7 கிராமுக்கும் சூடான காற்றில் 12 கிராமுக்கும் இடம் மிச்சமிருக்கிறது. இலையிலிருந்து நீரை இழுப்பது இந்த மிச்ச இடம்தான். குளிர்நாட்டு வளர்ப்பாளர் ஒருவர் 60 சதவீதத்தில் தரும் சூழலை 30 டிகிரி வீட்டில் நாம் தர வேண்டுமானால் ஈரப்பதம் 80 சதவீதத்தை நெருங்க வேண்டும். கடற்கரை நகரங்களில் இது பெரிய சிக்கல் அன்று. கோடைக்காலக் கோயம்புத்தூரிலோ குளிர்சாதன அறையிலோ கண்ணாடிப் பெட்டி தேவைப்படும். மகோடெஸுக்கு எங்கும் அதுவே பாதுகாப்பு. பெட்டியை முழுதாக மூடி வைப்பதும் தவறு. காற்று முற்றிலும் செறிவுற்றால் நீராவிப்போக்கு ஏறக்குறைய நின்று, அதனுடன் மேலேறும் கால்சியம் புதிய இலைகளுக்குக் குறைவாகவே சேர்வதால் இலைநுனி கருகலாம். மூடியைச் சற்றே திறந்துவைத்தாலோ, கணினியில் பயன்படும் சிறு மின்விசிறியைப் பொருத்தினாலோ போதும். மூடிய பெட்டியின் மீது வெயில் விழவே கூடாது. சிறிது நேரத்தில் உள்ளே வெந்துவிடும்.

நீரைப் பொறுத்தவரை மழைநீரும் ஆர்.ஓ. நீரும் நல்லவை, உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் இலை விளிம்பைக் கருக்கும். வளரும் பருவத்தில் உரப் பொட்டலத்தில் குறித்த அளவில் நான்கில் ஒரு பங்கை மாதம் இருமுறை கொடுக்கலாம். வறண்ட காற்றில் சிலந்திப்பேனும், இலைக்காம்பின் இடுக்கில் மாவுப்பூச்சியும் வரும்.

இந்தச் செடியின் தண்டு சதைப்பற்றானது, எளிதில் ஒடிவது. நிமிர்ந்து வளர்ந்து, தன் எடையால் சாய்ந்து, தரையைத் தொட்ட கணுக்களில் வேர்விட்டு முன்னேறும். பின்பகுதி மெல்ல மடியும். கீழிலைகள் உதிர்ந்து தண்டு நீண்டுவிட்டதே என்று கவலைப்படத் தேவையில்லை. இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டை நறுக்கி, வெட்டுவாய் சில மணி நேரம் உலர்ந்த பின், ஈரமான ஸ்பேக்னம் பாசியின் மீது படுக்கவைத்தால் சில வாரங்களில் வேரும் பிறகு தளிரும் வரும்.

பூத்த தண்டின் நுனி அத்துடன் வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். கீழ்க்கணுக்களிலிருந்து பக்கத்தளிர்கள் எழும். இலை அழகு குன்றும் என்று மொட்டிலேயே பூங்கொத்தைக் கிள்ளிவிடுபவர்கள் உண்டு. நலிந்த செடியில் அது நியாயம்; வலுவான லுடிசியாவில் குளிர்காலத்தில் வரும் அந்த வெண்பூக்கள், உதடு ஒரு பக்கமும் மஞ்சள் நுனியுள்ள நடுத்தண்டு மறுபக்கமும் முறுக்கிக்கொண்டிருப்பதால், ஆர்க்கிட் உலகில் அரிதான சமச்சீரின்மையைக் காட்டுகின்றன. ஒருமுறையாவது பூக்க விடலாம்.

விதையிலிருந்து வளர்ப்பது வீட்டு வேலை அன்று. தூசியளவான ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு ஏறத்தாழ இல்லை. காட்டில் ஒரு பூஞ்சை உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் அது முளைக்கும். பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் 1899இல் இதைக் கண்டறிந்தார். 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரை கலந்த அகார் என்னும் கடற்பாசிக் கூழின் மீது விதைகளை முளைக்கவைத்துக் காட்டினார். ஜூவல் ஆர்க்கிட்களின் உறவான குட்யேரா ரெப்பன்ஸ், வளர்ந்த பின் தான் தயாரிக்கும் கார்பனில் ஒரு பகுதியைப் பூஞ்சைக்குத் திருப்பித் தருவதும் 2006இல் நிறுவப்பட்டது.

நட்சனின் வழியில் வந்த ஆய்வக முறைகளால்தான் காட்டைத் தொடாமல் இச்செடிகளைப் பெற முடிகிறது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியல்களின் கீழ் வருகிறது. மலைக்காட்டிலிருந்து பிடுங்கி வந்ததாகத் தோன்றும் செடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஆய்வகக் குடுவையில் வளர்ந்த கன்றின் இலையில் மெழுகுப்பூச்சு மெலிதாக இருக்கும், இலைத்துளைகளும் சரிவர மூடப் பழகியிருக்காது. எனவே வேரில் ஒட்டிய அகாரை வெதுவெதுப்பான நீரில் முற்றிலும் கழுவி, பாசியில் நட்டு, மூடிய பெட்டியில் வைத்து, மூடியை வாரந்தோறும் சிறிது சிறிதாகத் திறந்து, ஒரு மாதத்துக்குப் பிறகே வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். குடுவையில் இருந்த பழைய இலைகள் இதற்குள் வாடினாலும், வெளியே வந்தபின் விரியும் முதல் இலை நிமிர்ந்து நின்றால் கன்று பிழைத்துவிட்டது என்று கொள்ளலாம்.