பழகிப்போன பெட்ரோல் வாசனை

காலைப் பணிக்கு வந்த பெட்ரோல் பங்க் ஊழியர் ஒருவரின் காலரில் விரல் நீளமுள்ள கண்ணாடிக் குழாயைப் பொருத்தினேன். உள்ளே செயலூட்டப்பட்ட கரி இருக்கும். இடுப்பில் கட்டிய சிறு பம்ப், அவர் சுவாசிக்கும் காற்றை அதன் வழியாக இழுக்கும். பணி முடிந்தபின் கரியில் தங்கியதைப் பிரித்தெடுத்து, வாயுக்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் வாயு குரோமடோகிராபி கருவியில் அளப்போம். நாங்கள் தேடுவது முக்கியமாக, பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற வேதிப்பொருளை.

"தலை வலிக்குமா அம்மா?" என்று கேட்டேன்.

"வந்த புதிதில் வலித்தது, மேடம். இப்போது வாசனையே தெரிவதில்லை" என்றார்.

இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. மூக்கு மரத்துப்போனாலும், மூச்சில் போகும் பென்சீன் குறைவதில்லை. கல்லீரல் அதை ஃபீனால், ஹைட்ரோகுவினோன் போன்ற வேறு வேதிப்பொருள்களாக மாற்றுகிறது. இவை எலும்பு மஜ்ஜையை அடைந்து, ரத்த அணுக்கள் பிறக்கும் இடத்திலேயே கேடு செய்கின்றன. ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பென்சீன் உறுதிசெய்யப்பட்டு வெகுகாலமாகிறது. 2025-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பெட்ரோலையே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களோடு, சேர்த்தது. பென்சீனுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை.

நம் நாட்டுப் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குறைவுதானே என்று தோன்றும். ஆனால் காலி டேங்க் உண்மையில் காலியாக இருப்பதில்லை. பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கும். 5 லிட்டர் ஊற்றினால் ஏறக்குறைய 5 லிட்டர் ஆவி வெளியே தள்ளப்படும். வெயிலில் நின்ற வண்டியில் அது இன்னும் செறிவாக இருக்கும். பைக்கின் முன்னால் உட்கார வைத்த குழந்தையின் முகம் அந்தத் திறப்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருப்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். தயவுசெய்து குழந்தையை இறக்கி, சற்றுத் தள்ளி நிற்க வையுங்கள். நாசில் தானாக நின்ற பிறகு "இன்னும் கொஞ்சம்" என்று கேட்காதீர்கள். வழிந்த பெட்ரோலின் ஆவி அந்த ஊழியரின் மூச்சுக்காற்றில்தான் கலக்கும்.

ஆவியை உறிஞ்சித் திருப்பி அனுப்பும் நாசில்கள் இருக்கின்றன. வாங்கி மாட்டினால் போதாது, பழுதில்லாமல் ஓட வேண்டும். புதிய பெட்ரோல் பங்குகள் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி அமைய வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வழிகாட்டுதல் தந்தது. தெருவோடு ஒட்டி நிற்கும் பழைய பங்குகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

மெக்கானிக் கடைகளில் கிரீஸ் போகப் பெட்ரோலில் கை கழுவும் பையன்களிடமும் சொல்லியிருக்கிறேன். தோல் வழியாகவும் பென்சீன் ஏறும். எண்ணெய் தேய்த்துக் கிரீஸை இளக்கிவிட்டு, சீயக்காய்த்தூளோ சோப்போ போட்டுக் கழுவலாம். டேங்கிலிருந்து பெட்ரோல் எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவதை அறவே விட வேண்டும். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

குழாயைக் கழற்றும்போது அந்த அம்மா கேட்டார்: "வீட்டுக்குப் போனதும் மகள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். துணியில் இருப்பது அவளுக்கும் போகுமா?"

ஓரளவு போகும். பங்கிலேயே சீருடையை மாற்றிக்கொண்டு கிளம்பச் சொன்னேன். அங்கே உடை மாற்ற ஓர் அறை இல்லை. அதைக் கட்டித் தரும்படி உரிமையாளருக்கு அன்றே கடிதம் எழுதினேன். ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் ரத்த அணுப் பரிசோதனை செய்யும்படியும் கேட்டிருக்கிறேன்.