அட்டெலெக்டாசிஸ் – குறைவிரிவு

எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்ட என் அத்தைக்கு மறுநாள் வந்த எக்ஸ்ரே அறிக்கையின் தமிழ்ப் படியில், ‘இரு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் செயலிழப்பு’ என்று அச்சிட்டிருந்தார்கள். அத்தை என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. மாமா சிறுநீரகச் செயலிழப்பில் போனவர். அந்தச் சொல் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது அவருக்குத் தெரியும். ஆங்கில அறிக்கையில் இருந்த சொல் அட்டெலெக்டாசிஸ். சற்று நேரத்தில் பிசியோதெரபிஸ்ட் வந்து, மூச்சை உள்ளிழுத்தால் பந்துகள் மேலேறும் பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்தார். மூன்று பந்துகளில் ஒன்று மட்டும் எழுந்தது. “செயலிழந்துபோனதற்கு எதற்கம்மா பயிற்சி?” என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. அதன் பிறகும் இதே மொழிபெயர்ப்பை ஒப்புதல் படிவங்களில் பலமுறை பார்த்துவிட்டேன்.

சொல் கிரேக்கம். ‘அடெலேஸ்’ என்றால் நிறைவுறாதது, ‘எக்டாசிஸ்’ என்றால் விரிதல். 19ஆம் நூற்றாண்டில், பிறந்த குழந்தையின் சரியாகக் காற்றேறாத நுரையீரலைக் குறிக்க வந்தது. பிறகு, விரிந்திருந்த நுரையீரலில் ஒரு பகுதி காற்றிழந்து மடங்கிப்போவதையும் குறித்தது.

முழு மயக்க மருந்து பெறும் பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேருக்கு இது ஓரளவாவது உண்டாகிறது. பருமனான உடலில் மல்லாந்து படுத்ததுமே வயிற்றின் கனம் உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபி அறுவைக்காக வயிற்றுக்குள் செலுத்தும் வாயு இன்னும் தள்ளுகிறது. அடிப்பகுதியிலுள்ள காற்று நுண்ணறைகள் மூடிக்கொள்கின்றன. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நாளில் விரிந்துவிடும், பருமனானவர்களுக்கு நீடிக்கும். ஆனால் ஆழ்ந்த மூச்சும், தலைப்பக்கம் உயர்த்திய படுக்கையும், சீக்கிரம் எழுந்து நடப்பதும் பெரும்பாலும் அதை மீட்டுவிடும். மீளக்கூடிய ஒன்றுக்குச் ‘செயலிழப்பு’ என்று பெயர் வைப்பது கொடுமை.

வேறு சிலர் ‘நுரையீரல் சுருக்கம்’ என்கிறார்கள். இன்னும் சிலர் ஆங்கில அகராதியில் ‘கொலாப்ஸ்’ என்று பார்த்துவிட்டு ‘நுரையீரல் சரிவு’ என்று எழுதுகிறார்கள். சரிவு விலைக்கும் மலைக்கும் உரியது. நுரையீரல் எங்கும் சரிந்து விழுவதில்லை. சுருக்கம் என்றாலோ நார் பாய்ந்து இறுகிய நுரையீரல்தான் நினைவுக்கு வருகிறது. இவை என் காதுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் மறுக்கவில்லை. அறுவைக்குப் பின் வரும் நுரையீரல் சிக்கல்களை முன்கூட்டிக் கணிக்க ‘அரிஸ்கேட்’ என்றொரு மதிப்பெண் முறை இருக்கிறது. அதன் சிக்கல் பட்டியலில் அட்டெலெக்டாசிஸுடன் மூச்சுச் செயலிழப்பும், நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து அது அமுங்கிப்போவதும், மூச்சுக்குழல் இறுகிச் சுருங்குவதும் தனித்தனியே நிற்கின்றன. செயலிழப்பு, சரிவு, சுருக்கம் ஆகிய மூன்று சொற்களையும் அட்டெலெக்டாசிஸுக்கே கொடுத்துவிட்டால் அந்த மூன்றுக்கும் எதை எழுதுவது? ஒரே படிவத்தில் லேசானதும் உயிருக்கு ஆபத்தானதும் ஒரே பெயரில் வரும். மொழிபெயர்ப்பாளர் பட்டியல் முழுவதையும் படிக்காமல், வரி வரியாகப் பெயர்ப்பதால் நேரும் பிழை இது. மருத்துவத் தமிழில் இந்தப் பழக்கம் வேரோடிக் கிடக்கிறது.

கணிப்பதன் பயனே இங்கேதான் கெடுகிறது. குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா என்று கேட்டு, கழுத்தின் சுற்றளவை அளந்து, விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்து, யாருக்கு ஆபத்து அதிகம் என்று முன்பே சொல்வது அவரைத் தயார்ப்படுத்துவதற்காக. ‘உங்களுக்கு நுரையீரல் செயலிழக்க வாய்ப்பு அதிகம்’ என்று படிப்பவர் மூச்சுப் பயிற்சி தொடங்கமாட்டார். அறுவையே வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார்.

‘குறைவிரிவு’ என்பதே என் தேர்வு. குறைமாதம், குறைப்பிரசவம், குறைகுடம் என்று நிறைவுறாததைச் சுட்ட நம்மிடம் ‘குறை’ காலங்காலமாக இருக்கிறது. கிரேக்கச் சொல்லின் இரு பாதிகளும் அப்படியே இதில் வந்துவிடுகின்றன. ‘விரிவின்மை’ என்று எழுதும் நண்பர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் ‘இன்மை’ அடியோடு இல்லாததைச் சொல்கிறது. குறைகுடத்தில் தண்ணீர் இருக்கிறது, மேலும் ஊற்றலாம். அத்தைக்கு இதைத்தான் சொன்னேன். மூன்றாம் நாள் இரண்டாவது பந்தும் எழுந்தது.