பேட்டரியில் வோல்டேஜ் இருக்கிறது, காரில் உயிர் இல்லை

கார் மொத்தமாக அடங்கிவிட்டால் முதலில் வாயில் வருவது "பேட்டரி போச்சு" என்பதுதான். டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியாது, ஹார்ன் அடிக்காது, ரிமோட்டை அமுக்கினாலும் கதவு திறக்காது. உடனே பேட்டரிக் கடைக்குப் போன் போகும். ஆனால், நேற்று இரவு வரை நன்றாக ஓடிய கார் ஒரே நொடியில் இருண்டுபோனது என்றால், பல நேரம் பழைய பேட்டரியில் குறை இருக்காது. மின்சாரம் போகும் வழியில்தான் எங்கோ அடைப்பு இருக்கும். இந்த வேறுபாடு தெரியாததால் நல்ல பேட்டரிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பணத்தை விரயம் செய்பவர்கள் ஏராளம். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

பேட்டரி தேய்வது மெதுவாக நடக்கிற காரியம். இந்த ஈய-அமில பேட்டரியை 1859-இல் பிரான்சைச் சேர்ந்த காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். அடிப்படை இன்றும் மாறவில்லை. ஆறு அறைகள், ஒவ்வொன்றிலும் சுமார் 2.1 வோல்ட். ஒரு தகடு ஈயம், எதிர்த் தகடு ஈய டை ஆக்சைடு, நடுவே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படியும், அமிலம் மேலும் நீர்த்துப்போகும். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும், 12.2-க்கு இறங்கினால் பாதி தீர்ந்தது என்று பொருள்; 11.8 என்றால் கிட்டத்தட்ட காலி. கதவு சரியாகச் சாத்தாமல் உள்ளே ஒரு 5 வாட் பல்பு எரிந்துகொண்டே இருந்தால் சுமார் 0.4 ஆம்பியர் போகும், ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி. சின்ன கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி நான்காவது நாள் தாங்காது. அப்போதும் விளக்கு மங்கும், ஹார்ன் கம்மும், செல்ஃப், அதாவது எஞ்சினை எழுப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார், முக்கிமுக்கிச் சுற்றும். சாகப்போகிறேன் என்று பேட்டரி சொல்லிவிட்டுத்தான் சாகும்.

சாவியைத் திருப்பியதும் வரும் 'டக்டக்டக்' சத்தமும் அப்படி ஒரு அறிவிப்புதான். ஸ்டார்ட்டர் மோட்டார் மேல் சோலனாய்டு என்று ஒரு மின்காந்தம் இருக்கிறது. அது ஓர் இரும்புத் தண்டை இழுத்து, மோட்டாருக்குப் போகும் தடித்த செம்புத் தொடர்பை மூடும். மோட்டார் இழுக்கிற இழுப்பில் தளர்ந்த பேட்டரியின் வோல்டேஜ் சரிந்துவிடும், மின்காந்தம் பிடியை விடும், தொடர்பு பிரியும். சுமை போனதும் வோல்டேஜ் மறுபடி ஏறும், தண்டு மறுபடி உள்ளே போகும். நொடிக்குப் பல தடவை இது நடப்பதைத்தான் நாம் கேட்கிறோம். சத்தம் வருகிறது என்றால் சோலனாய்டை இழுக்கும் அளவுக்காவது மின்சாரம் வந்து சேர்கிறது.

ஒரு சத்தமும் இல்லாமல் எல்லாம் அணைந்தால் கதை வேறு. அதைப் புரிந்துகொள்ள ஸ்டார்ட்டரின் பசி எவ்வளவு என்று தெரிய வேண்டும். கையால் கிராங்க் சுற்றி எஞ்சினை எழுப்பிய காலத்தை முடித்துவைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். அவருடைய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன் கடைகளில் பணம் வாங்கும் கல்லா இயந்திரத்துக்கு மோட்டார் வடிவமைத்தவர் அவர். சில நொடி மட்டும் ஓடும் மோட்டாரிடம் அதன் தகுதிக்கு மீறிய வேலை வாங்கலாம் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். அதே தந்திரம்தான் இன்றைக்கும். கையில் தூக்கிவிடக்கூடிய ஒரு மோட்டார், சின்ன பெட்ரோல் காரிலேயே 100 ஆம்பியருக்கு மேல் இழுத்து எஞ்சினைச் சுற்றுகிறது. வீட்டில் ஒரு மின்விசிறி எடுப்பது ஓர் ஆம்பியரை விடக் குறைவு.

இந்த 100 ஆம்பியரும் பேட்டரியின் ஈயக் கட்டையைச் சுற்றிப் பிடித்திருக்கும் ஒரு சின்ன கிளாம்ப் வழியாகத்தான் போயாக வேண்டும். பானட்டைத் திறந்து அந்த டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூத்திருந்தால், வெள்ளையில் ஈய சல்பேட் இருக்கும், நீலப்பச்சை செம்பு உப்பு. அமில ஆவி கசிந்து உலோகத்தை அரித்ததன் மிச்சம் அது. சில நேரம் வெளியே ஒன்றும் தெரியாது. கிளாம்புக்கும் கட்டைக்கும் நடுவில் கறுத்த மெல்லிய படலம் மட்டும் இருக்கும். அந்தப் படலத்தின் மின்தடை ஒரே ஓர் ஓம் என்று வைத்துக்கொள்வோம். உள் விளக்குக்கு 0.4 ஆம்பியர் போகும்போது அங்கே விழுவது 0.4 வோல்ட்தான்; விளக்கு பளிச்சென்றே எரியும். ஸ்டார்ட்டர் சுற்றின் மொத்தத் தடையோ ஓர் ஓமில் ஒரு சிறு பங்குதான். ஆகவே சாவியைத் திருப்பியதும் 12.6 வோல்ட்டில் பெரும்பகுதியை அந்த மூட்டே தின்றுவிடும். மொத்தக் காருக்கும் மிஞ்சுவது சில வோல்ட். அதனால்தான் எரிந்துகொண்டிருந்த விளக்குகள்கூட சாவியைத் திருப்பிய அதே கணம் அணைகின்றன.

வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் ஏமாற்றுவதும் இந்த இடத்தில்தான். மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஏறக்குறைய பூஜ்யம். அதனால் அரித்துப்போன மூட்டுக்கு அந்தப் பக்கம் வைத்து அளந்தாலும் 12.6 என்றே காட்டும். "வோல்டேஜ் சரியா இருக்கே, அப்புறம் ஏன்?" என்று தலையைச் சொறிய வைக்கும். சுமை கொடுத்துக்கொண்டே அளந்தால்தான் உண்மை தெரியும். மீட்டரின் ஒரு முனையை ஈயக் கட்டையின் உச்சியிலும், இன்னொரு முனையை அதே கட்டையைப் பிடித்திருக்கும் கிளாம்பின் உலோகத்திலும் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். நல்ல மூட்டில் பூஜ்யத்தை ஒட்டியே காட்டும். அங்கே நாலைந்து வோல்ட் தெரிந்தால் குறை கையில் சிக்கியது. அடுத்து மைனஸ் கட்டைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையில் இதையே செய்யுங்கள். எர்த் ஒயர் அரித்திருந்தால் அகப்பட்டுவிடும். எர்த் பக்கத்தை யாரும் பார்ப்பதே இல்லை. போகிற மின்சாரம் எவ்வளவோ அவ்வளவும் திரும்பி வர வேண்டும் என்பது மறந்துபோகிறது.

மூட்டுகள் நன்றாக இருந்தும் கார் இருட்டாகவே இருந்தால், பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் பிரதான பியூஸைப் பார்க்கலாம். பேட்டரிக்கு உள்ளேயே அறைகளை இணைக்கும் ஈயப் பாலம் விரிசல் விடுவதும் உண்டு. சும்மா அளந்தால் 12 வோல்ட் காட்டும். ஹெட்லைட்டைப் போட்டதும் பொத்தென்று விழும். அப்படியானால் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். மே மாத வெயிலில் நாள் முழுக்க நிற்கும் கார்களில் வெப்பத்தால் உள் அரிப்பு வேகமாகும். நம் ஊரில் பேட்டரிகள் சீக்கிரம் முடிந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம்.

டெர்மினலைச் சுத்தம் செய்வது பெரிய வேலை இல்லை. ஆனால் வரிசை முக்கியம். கழற்றும்போது முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். காரின் உடல் முழுவதும் மைனஸோடு சேர்ந்திருக்கிறது. மைனஸைக் கழற்றாமல் பிளஸ் நட்டில் ஸ்பேனர் போட்டால், அதன் மறுமுனை பாடியில் பட்ட கணமே நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஸ்பேனர் வழியே பாயும். மைனஸ் கழன்றிருந்தால் சுற்றே இல்லை, பயமும் இல்லை. வெதுவெதுப்பான நீரில் ஆப்பச் சோடா கரைத்து ஊற்றினால் அமிலம் நுரைத்து அடங்கும். அந்தத் தண்ணீர் மட்டும் அறைகளுக்குள் போய்விடக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஈயம் பளபளக்கும் வரை தேய்த்து, கிளாம்பைக் கையால் திருகினால் அசையாத அளவுக்கு இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும்.

பேட்டரி உண்மையிலேயே காலி என்றால் இன்னொரு காரிலிருந்து ஜம்ப் கொடுக்கலாம். இரண்டு பிளஸ்களையும் சிவப்பு ஒயரால் இணைத்த பின், கறுப்பு ஒயரை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டுங்கள். அதன் மறுமுனையை, நின்றுபோன காரின் பேட்டரியிலிருந்து தள்ளி, எஞ்சினின் வெறும் உலோகத்தில் பிடிக்க வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். தள்ளி ஸ்டார்ட் செய்வது பழைய கார்களுக்குச் சரி. இன்றைய காரில் எரிபொருள் பம்பு, இன்ஜெக்டர், அதை ஆளும் கணினி எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி துளியும் இல்லையென்றால், எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர்கூட எழாது. அதன் காந்தமே மின்காந்தம், முதல் மின்னோட்டம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் தள்ளும் யோசனையே வேண்டாம்.

சில மெக்கானிக்குகள் ஆல்டர்நேட்டரைச் சோதிக்க எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றுவார்கள். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். பேட்டரி பிரிந்த கணத்தில் வோல்டேஜ் பல மடங்கு எகிறி, கணினியைப் பொசுக்கிவிடக்கூடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மீட்டரை வைத்து, 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டுகிறதா என்று பார்த்தாலே போதும்.

ஓடும்போது மின்சாரம் போய் எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் பெரும்பாலான கார்களில் இரண்டு மூன்று அழுத்தலுக்கு உதவும். ஆகவே விட்டுவிட்டு அமுக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். ஹசார்ட் விளக்கு எரியாது; பிரதிபலிக்கும் முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ஐ அழைக்கலாம்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பல நூறு வோல்ட் பேட்டரியைக் காரோடு இணைக்கும் கான்டாக்டர்களை மூடுவதே ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது தீர்ந்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் அசையாது. அந்தச் சின்ன பேட்டரி எங்கே இருக்கிறது, ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி எந்தக் கதவைத் திறக்கும் என்பதைக் கையேட்டில் இப்போதே பார்த்து வையுங்கள். சில கார்களில் பேட்டரி டிக்கியில் இருக்கும். டிக்கியோ மின்சாரத்தில்தான் திறக்கும். அவற்றில் ஜம்ப் கொடுப்பதற்கென்று பானட்டுக்குள் தனியாக ஒரு பிளஸ் முனை வைத்திருப்பார்கள், சிவப்பு மூடிக்குக் கீழே.