வேலூரில் வெயில் அடிக்கும், காசிமேட்டில் படகு கரையில் நிற்கும்

நவம்பரில் சில நாள் வேலூரில் சுள்ளென்று வெயில் அடிக்கும். சாப்பிட வந்தவர், "புயல் எங்கே சார் இருக்கு? வஞ்சிரம் இல்லைங்கிறீங்க!" என்று கோபப்படுவார். நமக்கும் கடலுக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல். இங்கே வானத்தைப் பார்த்து அங்கே படகு போனதா என்று சொல்ல முடியாது.

உணவகத்துக்கு மீன் வாங்கிப் போடுவது என் வேலை. எங்களுக்குப் பெரும்பாலும் சென்னை காசிமேட்டு மீன்தான். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானதுமே மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று வானிலை மையம் எச்சரிக்கும். ஆழ்கடலில் இருப்பவர்களும் திரும்ப வேண்டும். புயல் வேறு பக்கம் திரும்பினாலும் படகு கரையில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, மூழ்கியது சென்னை.

வானம் வெளுத்த மறுநாளே மீன் வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விசைப்படகு கிளம்பினால் பல நாள் கடலில் தங்கித்தான் திரும்பும். அதனால் புயல் ஓய்ந்த பிறகும் பெரிய மீனுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். முதலில் வருவது ஃபைபர் படகுகள் கரையோரம் பிடிக்கிற நெத்திலி, மத்தி, காரப்பொடி. என்னைக் கேட்டால் அந்த வாரம் அதைத்தான் சாப்பிட வேண்டும்.

ஆனால் மெனுவில் இருப்பதெல்லாம் தினமும் இருந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் கடைகள் உண்டு. அவர்களிடம் போவது பழைய சரக்கு. முறையாக உறைய வைத்த மீனில் குற்றமில்லை, அதைச் சொல்லியே விற்கலாம். ஐஸ் உருகி, மறுபடி போட்டு, மறுபடி உருகிய மீன்தான் வம்பு. வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி மூன்றும் ஒரே குடும்பம். குளிர்ச்சி விட்டுப்போனால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேரும். பொரித்தாலும் கொதித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். மீன் நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது.

மே மாதம் இன்னும் சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மங்களூரு, கேரளப் பக்கத்து மீன் கைகொடுக்கும். ஆனால் அது அத்தனை தூரம் வந்து, நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் இறங்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது மீனை அல்ல, எவ்வளவு ஐஸ் மிச்சம் என்பதை. அப்புறம்தான் செவுள். ஜூன் 1 முதல் மங்களூரிலும் தடை. ஆக ஜூன் முதல் இரண்டு வாரம்தான் எங்களுக்கு வருஷத்திலேயே பெரிய பஞ்சம். (புரட்டாசியில் நேர் எதிர்: மீன் இருக்கும், கேட்க ஆள் இருக்காது.)

இங்குள்ள சிஎம்சி மருத்துவமனைக்கு சிகிச்சைக்கு வரும் வங்காளிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் கேட்பது ரோகு, கட்லா. வளர்ப்புக் குளத்து மீன், வங்கக் கடல் கொந்தளித்தாலும் கிடைக்கும். புயல் வாரத்தில் எங்கள் பலகையிலும் கட்லாவும் விராலும்தான் எழுதச் சொல்வேன். அந்த வாரம் எங்காவது வஞ்சிரம் வறுவல் வழக்கமான விலைக்கே கிடைத்தால், ஆர்டர் சொல்வதற்கு முன் எந்த ஊர் மீன், எப்போது இறங்கியது என்று கேளுங்கள்.